படகுக்காரர் செஞ்ச மூஞ்சி

தட்டிப் பாக்கறீங்களா, நல்லா தட்டுங்க சார். டொக்கு டொக்குன்னுதான் கேக்கும். தகரம் இல்ல, ஃபைபரு. பானெட்டு, ரெண்டு பக்கத்து மட்கார்டு, லைட்டு வைக்கிற குழி எல்லாம் சேத்து வண்டி மூஞ்சி மொத்தமும் ஒரே துண்டு. போன்ல பேசுன லினெட் நாந்தான். எங்கப்பா காரு இது. சொல்தா அவரு, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. ஊட்டியில ஒரு எஸ்டேட்டு தொரைகிட்ட வாங்குனாரு. ஆர்.சி. இப்ப என் பேர்லதான் இருக்கு, எங்க வூட்டுக்காரரு கையெழுத்து ஒண்ணும் வேணாம். அவரு திரும்பி வர்றதுக்குள்ள நீங்க லாரியில ஏத்திட்டா போதும்.

பழைய மூஞ்சியா? துரு புடிச்சிருச்சாம். ஒரு ஓரத்துல லேசா துரு, அதுக்கு மொத்தத்தையும் கழட்டி காயலாங்கடையில போட்டாரு எங்க வூட்டுக்காரரு, ரெக்ஸ் தொரை. எங்கப்பா பனியன் துணியால தொடச்சு தொடச்சு வச்ச தகரம் சார் அது. வெயிட்டு கொறஞ்சா வண்டி பறக்குமாம். மொதல்ல உங்க தொப்பைய எறக்குங்கன்னேன்.

இங்கிலாந்துலேருந்து புது மூஞ்சி வரவழைச்சா கட்டுப்படியாகாதுன்னு, வீராம்பட்டினத்துல ஃபைபர் படகு செய்யறாரே செம்மல், அவருகிட்ட குடுத்தாரு. அவருக்கு படகுதான் தெரியும். அலை அடிச்சா தாங்கணும்ல, ஃபைபர் மேட்ட அடுக்கு மேல அடுக்கா வச்சு பூசிட்டாரு. இப்ப தகரத்த விட கனம். தொறக்க ரெண்டு ஆள் வேணும். வண்டி மூஞ்சிய தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குது பாருங்க. இதுதான் பறக்கப்போவுது.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டா, முன்னாடி தள்ளித்தான் இருக்கும். நான் எங்க சார் உக்காந்தேன், எனக்கு முட்டி இடிக்கும். நீ ஒசரம், உனக்கு சரிப்படாதும்பாரு.

அவரா? சர்ச்சுப் பூசைய கூட விட்டுட்டு கனகசெட்டிக்குளத்துக்கு இந்த வண்டி கார்புரேட்டர சரி பண்ணன்னு போயிருக்காரு. ஞாயித்துக்கெழமன்னா அங்கதான். ஆமா சார், காரு இங்கதான் நிக்குது. பரவால்ல, உங்களுக்கு ஒடனே தோணுச்சு. எனக்கு ரொம்ப நாளா தோணல.

வாங்க, அந்தப் பக்கம் நீங்க புடிங்க, இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன். தூக்குங்க. உள்பக்கம் செவப்பு பெயின்ட்டுல எழுதியிருக்குல்ல, அது கம்பெனி பேரு இல்ல. செம்மல் பட்டறையில பேரு எழுதாம எதுவும் வெளிய போகாது. பொய்யா ஒரு பேரு வச்சா படகு கர திரும்பாதுன்னு அவருக்கு நம்பிக்க. கெளம்பறப்ப யார நெனைப்பியோ அந்தப் பேர சொல்லுன்னு எங்க வூட்டுக்காரருகிட்ட கேட்டிருக்காரு. என்கிட்ட வாயத் தொறந்தா பொய்யி, படகுக்காரருகிட்ட மட்டும் நெசத்த சொல்லிட்டு வந்திருக்காரு மனுஷன். உள்பக்கந்தானே, இவ ஒத்தையா எங்க தூக்கப்போறான்னு விட்டுட்டாரு. போன வாரம் எலி வயர கடிக்குதுன்னு பக்கத்து வூட்டு டோனிய கூப்புட்டு தூக்குனேன். டோனியும் படிச்சாரு. படிச்சிட்டு என் மூஞ்சிய பாக்கவே இல்ல.

கண்ணாடி எடுத்துட்டு வரலியா, நானே படிக்கிறேன். சந்திரகலான்னு போட்டிருக்கு. குள்ளமாத்தான் இருப்பா போல. அந்த சீட்ட பின்னால தள்ளிட்டு வண்டிய ஏத்துங்க சார்.