பெரியம்மா என்று கத்தினான் ஒரு வெள்ளைக்காரன்

பால்மரக் காட்டுப் பனியில் கை நனைத்து, பிள்ளைகளையும் வளர்த்து, அந்தப் பிள்ளைகள் போடும் கூச்சலையும் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே. கோயிலைக் காத்து, குடிகளைக் காத்து, எங்கள் குறும்புகளையும் சேர்த்துக் காத்துவரும் கோயில் தலைவர், இவ்விழாவின் தலைவர், தோட்டத்தில் நம்மை வேலை வாங்கும் பெரிய மண்டோர் மாயாண்டி அய்யா அவர்களே. சிரம்பானிலிருந்து கார் ஏறி வந்து, நம் சேற்றில் கால் வைத்து, சிரித்த முகம் மாறாமல் வீற்றிருக்கும் வணிகப் பெருமகனார் விசுவநாதன் அவர்களே. முன்வரிசையில் முறுக்குக் கடிக்கும் மழலைகளே, பின்வரிசையில் முடியை வளர்த்துக்கொண்டு தலைவரின் கண்ணில் படாமல் நிற்கும் என் தோழர்களே, மன்றச் செயலாளன் கணேசமூர்த்தி உங்கள் எல்லோரையும் கைகூப்பித் தொழுகிறேன்.

ஒரு கேசட்டைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறோம். பாராட்டி முடித்ததும் தலைவரிடம் ஒன்று கேட்கப் போகிறேன். எனக்காக இல்லை, மன்றத்துக்காகவும் இல்லை. அதோ கடைசி வரிசையில், தூணோரம், முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருக்கிறாரே ராக்கம்மா, இந்தத் தோட்டமே பெரியம்மா என்று அழைக்கும் ராக்கம்மா, அவருக்காகக் கேட்கப் போகிறேன். தன் மகனைப் புதைத்த இடத்துக்கு ஒருமுறை போய்வர ஆசைப்படுகிறார். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை என்று கோயில் குழு சொல்லிவிட்டது. அதற்கும் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு மன்னிப்பு. ஆங்கிலத்தில் ஹெவி மெட்டல் என்கிற இசையை அழகு தமிழில் கன உலோகம் என்று பெயர்த்து, இலக்கணம் பிசகாமல் புணர்த்தி, ‘கனவுலோக இரசிகர் மன்றம்’ என்று எழுதிக் கொடுத்தோம். பேனர் எழுதியவர் அதைக் ‘கனவு லோகம்’ என்று பிரித்துவிட்டார். அதனால் மேஜிக் ஷோ என்று பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள். உலோகம் என்று காதில் விழுந்ததால் பழைய இரும்பு வாங்குகிறோம் என்று மீதிப் பேர் வந்திருக்கிறீர்கள். செல்லம்மா அக்கா, அந்த ஓட்டைச் சட்டியைக் கீழே வையுங்கள், கை வலிக்கும். கூட்டம் முடிந்ததும் நானே எடைக்குப் போட்டுத் தருகிறேன்.

இரும்புக்கும் எங்களுக்கும் உறவு இல்லாமலும் இல்லை. இங்கிலாந்தில் ஓர் இரும்பாலை ஊர். அங்கே உலையில் வெந்தவர்களின் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து ‘ஓல்ட் ஃபர்னஸ்’ என்று ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் போட்ட ஆல்பத்தின் பெயர் ‘லாஸ்ட் சைரன்’. கடைசிச் சங்கு. சிரம்பான் பசார் மாலாம் இரவுச் சந்தையில் அதன் கேசட்டை வாங்கி, சட்டைப்பையில் வைத்து, மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து நம் லயத்து வீடுகளில் இறக்கியவன் யார்? எங்கள் மன்றத்தை முதன்முதலில் கூட்டியவன், ராக்கம்மாவின் ஒரே மகன், வீரமுத்து.

அந்த இசையை எப்படிச் சொல்வேன்? முரசா அது? முரசுக்கு மூச்சு வாங்கும், அதற்கு வாங்காது. நரம்பா அது? நரம்பு அறுந்தாலும் நாதம் அறாது. அடி அடியென்று அடித்து, இடி இடியென்று இடித்து, படபடவென்று போய், பாதியில் சட்டென நின்று, ஒற்றைக் கிட்டார் ஓரத்தில் உட்கார்ந்து அழும். நாள் முழுக்க மண்டோரிடம் பேச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் பேசவும் முடியாமல் வீடு வந்த எங்களுக்கு, எங்களுக்குப் பதிலாக ஒருவன் கத்தினான் என்றால் இனிக்காதா? தலைவர் என்னைப் பார்க்கிறார். பொதுவாகச் சொன்னேன் அய்யா, உங்களைச் சொல்லவில்லை.

முதல் பாட்டு ஆலைச் சங்கோடு தொடங்கும். அசல் சங்கு, அசல் ஆலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் வீரமுத்து ரேடியோவை வாசலில் வைத்து முழுச் சத்தத்தில் திருப்பினான். ஊதியது சங்கு. அடுத்த நொடி லயமே எழுந்தது. வாளி எங்கே, கத்தி எங்கே என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓட்டம். “ஞாயித்துக்கெழமையிலயுமா வேல? அநியாயம் லா இது” என்று முத்தாயி அக்கா புலம்பிக்கொண்டே போய்ப் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றார். நம் தலைவர் டார்ச் லைட்டோடு வந்து பெயர் கூப்பிடவே தொடங்கிவிட்டார். சிரிக்கிறீர்களா அய்யா? சிரியுங்கள், அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை.

ராக்கம்மாவும் அன்று சிரிக்கவில்லை. “டேய், அந்த எழவ நிறுத்துடா. காதுக்குள்ள லாரி ஏத்துறான்” என்று விறகுக் கட்டையோடு வந்தார். எத்தனை முறை போட்டாலும் அதே வசவு. எழவுப் பாட்டு, எழவெடுத்த பாட்டு. இந்தத் தோட்டத்திலேயே அந்தப் பாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கேசட்டின் கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். அதில் அந்தப் பாடகன் வயிற்றிலிருந்து குரலெடுத்து ஒரு சொல்லைக் கத்துவான். பசார் மாலாம் கேசட், நம் மழை, நம் வெயில், நம் ரேடியோ. காதில் விழுந்தது என்ன? “பெரியம்மா”. தெள்ளத் தெளிவாக, “பெரியம்மா... பெரியம்மா...” வெள்ளைக்காரனுக்குப் பெரியம்மா எங்கிருந்து வந்தாள்? விடிய விடிய வாதம் செய்தோம். பெரியவர்கள் கேட்டுவிட்டு, அது பெரியம்மா இல்லை மாரியம்மா என்றார்கள். ஊருக்கே பெரிய அம்மா மாரியம்மாதானே, இரண்டும் ஒன்றுதான் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அயல்நாட்டானும் நம் ஆத்தாளை அழைக்கிறான் என்று தோட்டமே மார் தட்டியது.

பிறகுதான் பெடாஸ் சாலை வளைவில் வீரமுத்துவின் மோட்டார் சறுக்கியது. கல்யாணம் ஆகாத பிள்ளை, அதனால் புதைத்தோம். ஆண்கள் தூக்கிப் போனோம். ராக்கம்மா முச்சந்தி வரை வந்தார். அங்கே பெண்கள் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் பாடையின் பின்காலைத் தூக்கியிருந்தேன், திரும்பிப் பார்த்தேன். அவர் அழவில்லை. அடிக்க ஓங்கிய கையை யாரோ பிடித்துக்கொண்டதுபோல ஒரு கையை நீட்டியபடியே நின்றார். அதற்குப்பின் அவர் கோயிலுக்கும் வரவில்லை, வாசலுக்கும் வரவில்லை.

ஆனால் கேசட்டை மட்டும் வைத்திருந்தார். நிறுத்துடா என்று விறகுக்கட்டை தூக்கியவர், பின்னேரம் பின்னேரம் தானே அதைப் போட்டார். திருவிழா வந்தது. மகன் வைத்திருந்த கேசட்டைக் கையில் கொண்டுவந்து, “ஆத்தா பாட்டு இருக்குதுல்ல, அதப் போடுங்கடா” என்றார். கோயில் ஸ்பீக்கரில் போட்டோம். அந்தக் குரல் பெரியம்மா என்று கத்தியதும் கூந்தல் அவிழ ராக்கம்மா ஆடினார். ஆடி ஆடி, அன்றுதான் அழுதார். பார்த்த நாங்கள் எல்லாரும் அழுதோம்.

அப்போது உபயக்காரராக வந்திருந்த விசுவநாதன் அய்யா, “என்ன பாட்டு தம்பி இது?” என்றார். காது கொடுத்தார். முகம் மாறியது. தலைவர் காதில் ஏதோ சொன்னார். பாட்டு பாதியில் நின்றது. பெரியம்மாவும் இல்லை, மாரியம்மாவும் இல்லை. அந்தச் சொல் ஆங்கிலம். ‘பெரி ஹிம், மா’. அவனைப் புதை, அம்மா என்று அர்த்தம். கோயிலில் சாவுப் பாட்டு. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், மன்றத்தின் கதவுக்குப் பூட்டு விழுந்தது. “சாவுப் பாட்டுக்கா ஆடுன?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். ராக்கம்மா கூந்தலை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கோபத்தோடு சிரம்பானில் அய்யாவின் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் என்னை அரிசி மூட்டை மேல் உட்கார வைத்து, “தம்பி, நான் கேட்டது ஒத்த வரிதான். முழுசாப் போடுங்க, கேப்போம்” என்றார். போட்டேன். வரி வரியாகச் சொன்னார். இரும்பாலையில் அண்ணன் சாகிறான். அடக்கம் செய்ய ஆலைக்காரர்கள் ஆள் அனுப்புகிறார்கள். தம்பி அவர்களை வழிமறித்துத் தாயைப் பார்த்துக் கத்துகிறான். நீ பெற்றாய், நீ வளர்த்தாய், அவன் மேல் விழும் முதல் மண் உன் கை மண்ணாக இருக்கட்டும். அவனைப் புதை, அம்மா. பாட்டு முடிந்ததும் அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று முதல் எங்கள் மன்றத்தின் புதிய உறுப்பினர் அவர். கையைத் தட்டுங்கள், வெட்கப்படுகிறார்.

இதை ராக்கம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? போனேன். சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடி கேட்டார். சொல்லி முடித்ததும் எரிகிற விறகை உள்ளே தள்ளினார்.

“அந்தம்மா போனாங்களா?” என்றார்.

“போனாங்க பெரியம்மா.”

“யாரும் தடுக்கலையா?”

“பாட்டுல அப்படி இல்ல பெரியம்மா. அவங்க கையாலயே மண்ணு போட்டாங்க.”

“எம்புள்ள இத்தன நாளா இதத்தான் போட்டுப் போட்டுக் காட்டியிருக்கான். நான் வெறகுக் கட்டைய தூக்கியிருக்கேன்” என்றார். பிறகு, “திருப்பிப் போடு லா” என்றார். அன்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள்தான் அவர் கோயில் குழுவிடம் போனார்.

என் உயிரினும் மேலான பெரியோர்களே, வழக்கத்தை நான் பழிக்கவில்லை. அந்தக் காட்சியைத் தாயின் நெஞ்சு தாங்காது என்று இரக்கப்பட்டு யாரோ வைத்த வழக்கம் அது. அன்பு வைத்த வழக்கம். ஆனால் தாங்காதவளைக் காக்கத்தானே அந்த வேலி? தாங்கி நிற்பவளையும் தடுக்க வேண்டுமா? பத்து மாதம் சுமந்தவள் ஒரு பிடி மண்ணைச் சுமக்க மாட்டாளா? பிறந்ததும் தூக்க வந்த கை, போகும்போது முச்சந்தியில் நிற்க வேண்டுமா? நீட்டிய கையை நான் பார்த்தேன் அய்யா. அது இன்னும் இறங்கவில்லை.

மன்றத்தின் பூட்டு அப்படியே இருக்கட்டும். பாட்டைக் கோயிலில் இனி போடவே வேண்டாம். கேசட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாளை விடுமுறை. காலையில் ராக்கம்மா இடுகாட்டுக்குப் போய்வர ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

என்ன அங்கே? முத்தாயி அக்கா ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? “அவ ஒண்ணும் தனியா போக வேணாம். நானும் போறேன்” என்கிறார். கேட்டதா? செல்லம்மா அக்காவும் எழுந்துவிட்டார், சட்டியோடு. அந்த வரிசை முழுவதும் எழுகிறது. உட்காருங்கள் தாய்மார்களே, தலைவர் இன்னும் வாய் திறக்கவில்லை. தலைவர் என்னை அழைக்கிறார், ஒரு நிமிடம்.

மன்னிக்க வேண்டும். தலைவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. “மழ பேஞ்சு அந்தப் பாதையெல்லாம் லாலாங் புல்லு மண்டிக் கெடக்கு. பொடியன்கள விட்டு விடியறதுக்குள்ள வெட்டச் சொல்லு. பொம்பளைங்க சேல மாட்டும்.”

கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். மேடையில் நிற்கிறவனுக்கு இது அழகில்லை, பரவாயில்லை. தலைமை தாங்கிய மாயாண்டி அய்யாவுக்கும், நம் காதில் தமிழாய் விழுந்த ஆங்கிலப் பாட்டுக்கு உரை சொன்ன விசுவநாதன் அய்யாவுக்கும், சட்டி சுமந்தும் சலிக்காமல் கேட்ட தாய்மார்களுக்கும் மன்றத்தின் நன்றி. கத்தி வைத்திருக்கும் தோழர்கள் முடியைக் கட்டிக்கொண்டு வெளியே வாருங்கள், புல் வெட்டப் போகலாம். எல்லோருக்கும் வணக்கம்.

பெரியம்மா, உங்களைத்தான். பாதையை வெட்டி வைக்கிறோம், வாங்க.