ரெண்டு சாவியும் என்கிட்டயே

பூட்டு நல்லாத்தான் இருக்குன்னு எனக்கும் தெரியும் தம்பி. பரவால்ல, கழட்டிட்டுப் புதுசப் போடுங்க.

மாத்துச் சாவி எங்க அக்காகிட்ட இருந்துச்சு. ஒண்டிக்கட்டையாக் கெடக்கிறியே, உனக்கு ஒண்ணு ஆயிட்டா யாரு கதவத் தொறக்கிறதுன்னு நச்சரிச்சு வாங்கிட்டுப் போனா. குடுத்தேன் பாருங்க, என்னச் செருப்பால அடிக்கணும்.

நேத்து சாயங்காலம் வேல முடிஞ்சு வந்து கதவத் தொறக்கிறேன், உள்ள ஒரு ஆளு! தொரை என் நாற்காலியில கால நீட்டிக்கிட்டு, என் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, நான் காபி குடிக்கிற கப்புக்குள்ள நகத்த வெட்டிப் போட்டுட்டு இருக்கு. உவ்வே! பாத்திரத்துல நேராக் கைய விட்டுத் தின்னுருக்கு. குளிக்கிற எடத்துல காறித் துப்பிட்டு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல.

போலீஸா? அட நீங்க வேற! திருடன்னா எடுத்துட்டுப் போயிருவான் தம்பி. இது தங்க வந்தது.

அக்காவுக்குப் போன் போட்டா, நான்தான்டி சாவி குடுத்தேன், வயசான காலத்துல உனக்குப் பேச்சுத்துணைக்கு ஆகுமேன்னு கூசாம சொல்றா. துணையாம், துணை! தூ!

நான் ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிறவ. ஊரு ரத்தம், சீழு எல்லாம் என் கைவழியாத்தான் போகுது. ஒருநாளும் மொகம் சுளிச்சதில்ல, அது என் பொழப்பு. வீட்டுக்கு வந்தா ஒரு தட்டு, ஒரு டம்ளர், என் ஒருத்தி துணி. குளிச்சிட்டு வாய்க்கு வந்தபடி பாடுவேன். கர்ண கொடூரமா இருக்கும், இருந்துட்டுப் போகுது, யாரு கேக்கப் போறா? சந்தோஷமா இருக்கேன் தம்பி, நெசமா. அதச் சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கிறா. ஐயோ பாவமாம் நான்.

அந்த ஆளா? கையப் புடிச்சு வெளிய தள்ளிட்டேன். துண்டையும் கூடவே வீசிட்டேன், இனி அத நான் தொடுவேனா?

ஆச்சா? ரெண்டு சாவியும் இங்க குடுங்க. இல்ல தம்பி, யாருக்கும் இல்ல.

பாத்து எறங்குங்க. படியில ஒரு ஆளு பெட்டி மேல தலய வச்சுப் படுத்திருக்கே, வரும்போது தாண்டித்தானே வந்தீங்க? அதேதான். யாருன்னா, என்னக் கட்டினவரு. ஆபரேஷன் பண்ணி நான் எந்திரிக்க முடியாமக் கெடந்தப்ப, சீக்காளிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு இன்னொருத்தி வீட்டுக்குப் போனவரு. இப்ப அவருக்குச் சீக்காம், பாத்துக்க ஆள் வேணுமாம்.