ஏழு மணிச் செய்தியும் என் பெரிய எழுத்தும்

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கையில் இருக்கும் இந்த நான்கு பக்கப் பேச்சில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். புகைப்படம் எடுப்பார்கள், வயது தெரிந்துவிடும் என்ற பயம்! காகிதம் கலங்குகிறது, ஆனால் கடைசி வரிசையில் கொட்டாவி விடும் நீலச் சட்டைத் தம்பியின் கடைவாய்ப்பல் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. மூடிக்கொள் ராசா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆகவே, தாளை மடித்துவிட்டு மனத்திலிருந்து மொழிகிறேன். தலைமை இருக்கையை அலங்கரிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! அவருடைய முக்கால் மணி நேர உரையை முகம் சுளிக்காமல் முழுதும் கேட்ட பேராசிரியப் பெருமக்களே! பயிற்சிக்குப் போகும் இடத்தில் பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு கிடைக்குமா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! நாளை மறுநாள் நிறுவனங்களின் நெடுங்கதவுகளைத் தட்டப்போகும் மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போனேன். என்ன கனவோடு போனேன்? கேள்விக்கணை தொடுப்பேன் என்று போனேன். கேமரா முன் கர்ஜிப்பேன் என்று போனேன். என்ன வேலை கொடுத்தார்கள்? ஒரு குமிழைத் திருகச் சொன்னார்கள்!

சிரிக்காதீர்கள். செய்தி வாசிப்பவர் உங்கள் கண்ணைப் பார்த்தே பேசுகிறாரே, எப்படி? கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் செய்தி எழுத்தெழுத்தாக மேலே ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பிராம்ப்டர் என்று பெயர். அதை ஏற்றுகிற குமிழ்தான் என் கையில்.

வீட்டில் அம்மா கேட்டாள்: “டி.வி.ல நீ எப்பம்மா வருவே? பக்கத்து வீட்ல எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்.”

“நான் வரமாட்டேன்மா. குமிழ் திருகுறேன்.”

“அதுக்கா மூணு வருஷம் படிச்சே? நம்ம வீட்டு ஃபேன்ல இல்லாத குமிழா?”

நான் குமிழ் திருகியது ஏழு மணிச் செய்திக்கு. அதை வாசித்தவரை எல்லாரும் ஏழுமணி அக்கா என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. குரல் கோயில் மணி. கணவர் இல்லை, மகள் கல்லூரியில் முதலாண்டு. அந்த ஒரு சம்பளத்தில்தான் வீடு.

அந்த அக்காவுக்கு அப்போது ஒரு சோதனை. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரச் செய்தி வந்தால், தாளில் எழுதி அவர் மேஜைமேல் நழுவவிடுவது அங்கே வழக்கம். அந்த மாதத்தில் இரண்டு முறை அப்படி வந்த தாளில் அக்கா தடுமாறிவிட்டார். முப்பதாயிரத்தை மூவாயிரம் என்று வாசித்தார். செய்தி ஆசிரியர், கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிய மனிதர், எல்லார் முன்னாலும் சொன்னார்: “இன்னொரு தடவை தடுமாறினா வேற ஆளைப் போட்டுடுவேன். வயசாயிடுச்சுன்னா ஒத்துக்கணும்.”

மறுநாள் ஒப்பனை அறைக் கதவைத் திறக்கிறேன். அக்கா ஒரு தாளைக் கையை நீட்டிப் பிடிக்கிறார். இன்னும் நீட்டுகிறார். கை தீர்ந்துவிட்டது! ஒப்பனை செய்கிற அம்மாவிடம் தாளைக் கொடுத்து, “நீ கொஞ்சம் அந்தக் கதவுகிட்டப் போய்ப் பிடி” என்கிறார். என்னைப் பார்த்ததும் இருவரும் உறைந்தார்கள்.

“ஏன்க்கா, கண்ணாடி போட்டுக்கக் கூடாதா?”

“கண்ணாடி போட்டு ஒரு நாள் உட்கார்ந்தேன்னு வை, அதையே சாக்கா வச்சு என்னைத் தூக்கிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவருகிற அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவராகக் கேட்டார், சொன்னேன். தாய்மார்களே, நீங்கள் தலையாட்டுவதிலேயே தெரிகிறது, நீங்களும் அப்படித்தான்!

ஆனால் அன்று இரவெல்லாம் அதே நினைப்பு. இந்தக் கண்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? குமிழ் திருகுகிற கைக்கு என்ன அதிகாரம்? யோசித்தேன். ஒன்றே ஒன்று செய்தேன். பிராம்ப்டர் எழுத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு மடங்கல்ல, மூன்று மடங்கு! ஒவ்வோர் எழுத்தும் கடைப் பலகை எழுத்து மாதிரி நின்றது. ஒரு திரைக்கு ஆறே சொற்கள். மூன்று பங்கு வேகமாகத் திருகி என் மணிக்கட்டு வீங்கியது. வலித்ததா? வலித்தது. வருந்தினேனா? வருந்தவில்லை!

அன்றிலிருந்து அக்காவின் வாசிப்பே மாறிவிட்டது. நிறுத்தி, நிதானித்து, ஒவ்வொரு சொல்லையும் தராசில் நிறுப்பதுபோல் வாசித்தார். நேயர்கள் தொலைபேசியில் அழைத்து, “என்னா கம்பீரம்!” என்றார்கள். கேட்டுக் கேட்டு என் காது குளிர்ந்தது.

பிறகு வந்தது அந்த மாலை. செய்தி ஆசிரியர் ஸ்டாப்வாட்சோடு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். பாதியில் அவசரத் தாள் வருகிறது. ஆற்றுப்பாலம் ஒன்று சரிந்துவிட்டது. பேருந்தில் இருந்த நாற்பத்து மூன்று பேரும் பத்திரம். எண்ணிலே ஒரு பிசகு, சொல்லிலே ஒரு சறுக்கல் என்றால் எத்தனை வீட்டில் அழுகுரல் எழும்? அக்காவின் வேலை என்ன ஆகும்? தாளைக் கொண்டு ஓடியவரை மறித்துப் பிடுங்கினேன்.

“ஏய், என்ன பண்றே?” செய்தி ஆசிரியர் பற்களைக் கடித்தார்.

“இதுலயே ஏத்திடறேன் சார்!”

“உன்னை யாரு கேட்டா?”

திரையில் ஓடிக்கொண்டிருந்த செய்திப் படம் முடிய முப்பது நொடி. பிராம்ப்டரிலேயே தட்டச்சு செய்தேன். பெரிய எழுத்தில்! அக்கா நிமிர்ந்தார். “பாலம்... சரிந்தது. பேருந்தில் இருந்த... நாற்பத்து மூன்று பேரும்... பத்திரம்.” ஒரு தடுமாற்றம் இல்லை. ஒரு தயக்கம் இல்லை. ஸ்டாப்வாட்சைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட செய்தி ஆசிரியர், “இனிமே அவசரச் செய்தி தாள்ல போக வேணாம், இதுலயே ஏறட்டும்” என்றார். போகும்போது, “அந்தம்மா கம்பீரத்துக்கு வேற யாருய்யா இருக்கா?” என்றும் முணுமுணுத்தார். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் ஏழு மணிச் செய்தி அக்காவுடையது!

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு குமிழ் தருவார்கள். சிறியது என்று சலிக்காதீர்கள். யாருக்கும் தெரியாதே என்று சோராதீர்கள். உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் யாரோ ஒருவர் சொல்ல முடியாத சிரமத்தோடு உட்கார்ந்திருப்பார். பாருங்கள்! பார்த்ததும் பதறுங்கள்! பதறியதும் கை நீட்டுங்கள்! திரையில் முகம் வராவிட்டால் என்ன? ஒரு மனுஷியின் வீட்டில் விளக்கெரிந்தால் போதாதா?

கைதட்டலுக்கு நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்த பெரியோருக்கும், கொட்டாவியைப் பாதியில் நிறுத்திய நீலச் சட்டைத் தம்பிக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.

மைக்செட் தம்பி, அணைக்காதே, ஒரு நிமிடம். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் கண் மருத்துவரிடம் போனேன். “உங்களுக்குக் கிட்டப் பார்வைதான் மங்கியிருக்கு, தூரத்துல இருக்கிறதெல்லாம் நல்லாவே தெரியும். இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார். எனக்குத் திக்கென்றது. அக்காவுக்கும் அப்போது இந்த வயதுதானே, பிராம்ப்டர் இருந்தது பத்தடி தள்ளி! வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“இப்பதான் புரிஞ்சுதாடி?” என்று அக்கா சிரித்தார். “கையில குடுக்கிற தாள்தான் எனக்குத் தெரியாது. அந்தக் கேமராக் கண்ணாடியில ஏறுற எழுத்து மொதல்லேருந்தே நல்லாத் தெரியும். நீ அவ்வளவு ஆசையாப் பெரிசு பண்ணினே, வேணாம்னு எப்படிச் சொல்றது?”

“அப்ப அந்தக் கம்பீரம், அந்த நிதானம்?”

“கம்பீரமாவது! ஆறு வார்த்தைக்கு மேல தெரியல. அடுத்தது எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”