மச்சானோடு பறவை பார்க்கப் போனது

இரவல் வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பது என் பழக்கம், தஸ்லீமா. உனக்கே தெரியும். பக்கத்து வீட்டுக் குடையைக்கூடக் காயவைத்து, மடித்து, பட்டன் போட்டுத்தான் கொடுப்பேன். தென்னாப்பிரிக்காவில் எடுத்த வாடகை வண்டியும் அப்படித்தான். வெள்ளை வண்டி. உள்ளே இருக்கைகளும் வெளிர் நிறம். சாவியை வாங்கும்போதே, ஒரு கறை படாமல் இதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புருஷனைப் பறிகொடுத்து நீ இத்தா இருக்கிறாய். இந்த அறைக்குள் வந்து உன் எதிரில் உட்காரக்கூடிய ஆண்பிள்ளை, இந்த ரங்கூனில், கூடப்பிறந்த அண்ணன் நான் ஒருவன்தான். அதனால் தினமும் வருகிறேன். தினமும் நீ ஒன்றையே கேட்கிறாய்.

"அவரு கடைசியா என்ன சொன்னாரு காக்கா?"

கலிமா சொன்னார் என்றேன். தலையாட்டினாய். மறுநாளும் கேட்டாய். பிறகு, "நான்தானே வெத்தல கட்டிக் குடுத்து வுட்டேன். நான்தான் அவரக் கொன்னுட்டேன்" என்று சோற்றைத் தள்ளி வைக்க ஆரம்பித்தாய். நேற்று கஞ்சியும் வேண்டாம் என்றாயாம், உன் மகள் ஸமீரா அழுதுகொண்டு சொன்னாள். உனக்குச் சேராத பழியை நீ தூக்கிச் சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஷாநவாஸ் மச்சான் கெட்டவர் இல்லை. போட்டாதாங்கில் நம் கயிற்றுக் கடைக்கு வரும் படகுக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத்தான் பிடிக்கும், என்னைப் பிடிக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை. எனக்கு அவரிடம் ஆகாதது அவருடைய வாய் ஒன்றுதான்.

ரங்கூனில் குன்யா மெல்லாதவன் யார்? மற்றவர்கள் மெல்வார்கள், துப்புவார்கள், முடிந்தது. மச்சான் அந்த வெற்றிலையை வாய்க்குள் வைத்துக் குடும்பம் நடத்துவார். கன்னம் புடைக்கச் சாற்றை அடக்கிக்கொண்டு, அண்ணாந்தபடியே பேசுவார். தாடியில் வழிவதைப் புறங்கையால் வழித்துவிட்டு, அதே கையால் எனக்கு மீன் துண்டு எடுத்து வைப்பார். சிக்னலில் வண்டி நின்றால் கதவைத் திறந்து, தலையைத் தொங்கவிட்டு, ரோட்டில் கொட்டுவார். இந்தப் பசுந்தாங் வீட்டு மாடிப்படித் திருப்பத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? சுவர் இடுப்பளவுக்குச் சிவந்து, பழையதன் மேல் புதியது வழிந்து, தோல் கட்டிக் கிடக்கிறது. நான் அதைத் தாண்டும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். காலையில் நீ முகம் கழுவும் தொட்டியைச் சுரண்டும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். பாவம், என் தங்கை இதை எவ்வளவு வெறுக்கிறாளோ என்று படுத்தபடியே நினைப்பேன்.

ஒருநாளும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பர்மாக்காரர்கள் ஆனாதே என்பார்களே, எதிராளி மனம் கோணிவிடுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிவிடும் சங்கடம், அது நமக்கும் ஊறிவிட்டது. தங்கை புருஷனிடம், உங்கள் வாயைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? விழுங்கினேன். வருஷக்கணக்காக விழுங்கினேன்.

ஆப்பிரிக்காவுக்கு நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. ஞாயிறு தவறாமல் மிங்கலாடோன் பக்கம் ஏரிக் காட்டில் பறவை பார்க்கிறவன் நான். தரையில் நடந்து திரியும் பெரிய இருவாச்சி ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு. கரிய உடம்பு, தொண்டையில் சிவப்புப் பை. அதைச் சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. நீதான், "அந்நிய நாட்ல ஒத்தையிலயா வண்டி ஓட்டுவீங்க? அவரையும் கூட்டிட்டுப் போங்க காக்கா" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அக்கறையில் சொன்னாய்.

அந்த இருவாச்சி இருக்கும் தென்னாப்பிரிக்கச் சரணாலயக் காட்டில் நாமே வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம். வழிகாட்டி கிடையாது. வாசலில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: தங்கும் இடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஆக, ஜன்னல் சாத்திய ஒரு பெட்டிக்குள் நானும் மச்சானும் நாள் முழுக்க. நான் ஓட்டுவேன், அவர் மெல்வார். இலை தீர்ந்த பிறகு வெறும் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும். துப்புவதற்குத் தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டார். வளைவுகளில் அது என் காலடிக்கு உருண்டு வரும், வெதுவெதுப்பாக இருக்கும். ஒருமுறை தாகத்தில், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், கைக்கு அகப்பட்ட பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோய்விட்டேன். வாடைதான் என்னைக் காப்பாற்றியது. மச்சான் சிரித்தார். அவர் பல்லை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான்.

கடைசி நாள் காலையில் இருவாச்சி கிடைத்தது. பாதை ஓரத்திலேயே நான்கைந்து, புல்லைக் கிளறிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தன. கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அப்போது மச்சான் தன் பக்கத்து ஜன்னலை இறக்கி, தலையை நீட்டி, காறித் துப்பினார். பறவைகள் எழும்பிப் போய்விட்டன. எதிர்க்காற்று. துப்பியதில் பாதி உள்ளே திரும்பி வந்தது. பைனாகுலரில் பட்டது. என் முகத்தில் பட்டது. என் உதட்டில் பட்டது, தஸ்லீமா.

"அடடே, மாப்பு மச்சான், மாப்பு" என்று தன் லோஞ்சி நுனியால் என் வாயைத் துடைக்க வந்தார்.

நான் கோபப்படவில்லை. "பரவாயில்ல மச்சான்" என்றேன். ஓட்டுநர் பக்கத்துப் பொத்தானால் அவருடைய ஜன்னலை ஏற்றிப் பூட்டினேன். அவர் துப்பும் பாட்டிலைத் தங்குமிடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு வாயைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். போகவில்லை. இப்போதும் போகவில்லை.

வெயில் ஏறிய பிறகு, ஆள் நடமாட்டமில்லாத ஒரு கிளைப்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். பட்ட மரம் ஒன்றில் பிணந்தின்னிக் கழுகுகள் கிளைக்குக் கிளை உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம் கீழே பார்த்தபடி. பறவை பார்க்கிற எவனுக்கும் இது தெரியும். கீழே இரை கிடக்கிறது. ஆனால் கழுகு இறங்கவில்லை என்றால், இரைக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று அர்த்தம்.

அங்கே வண்டியை நிறுத்தினேன்.

மச்சானுக்குக் கன்னம் நிறைந்துவிட்டிருந்தது. ஜன்னலைக் காட்டி "ம்ம், ம்ம்" என்றார்.

"ஜன்னல் வேணாம் மச்சான். காத்து அடிக்குது. எறங்கித் துப்பிட்டு வாங்க."

தாடையை உயர்த்திச் சாற்றை அடக்கிக்கொண்டு கேட்டார், "எறங்கலாமா? அந்தக் கழுகெல்லாம் ஏன் சும்மா உக்காந்திருக்கு?"

"வெயில் காயுது."

"உங்களுக்குத்தான் தெரியும் இதெல்லாம்" என்றார். கதவைத் திறந்து, லோஞ்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வண்டிக்குப் பக்கத்திலேயே துப்பியிருக்கலாம். என் முகம் கோணும் என்று நினைத்தாரோ என்னவோ, நாலு எட்டு தள்ளிப் புல்லோரம் வரை போனார். அவரிடம் நான் கண்ட ஒரே மரியாதை அது.

அங்கே நடந்த விசாரணையில், அவராகவே இறங்கினார் என்றேன். அதில் பொய் இல்லை, நான் தள்ளவில்லை. கூப்பிட்டேனா என்று கேட்டார்கள். ஹாரன் அடித்தேன் என்றேன். அதுவும் உண்மை, பிறகு அடித்தேன். நல்ல மனிதர்கள், என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். பக்கத்து ஊர் முஸ்லிம்கள் வந்து கிடைத்ததைக் கழுவி அடக்கம் செய்தார்கள். நம் பள்ளிவாசலில் மய்யித் இல்லாமலே தொழுகை நடந்தபோது முன்வரிசையில் நான் நின்றேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ கட்டிக் கொடுத்த வெற்றிலை என்றோ தீர்ந்துவிட்டது, அதை மனதிலிருந்து எடுத்துவிடு. அவர் கலிமா சொல்லவில்லை. புல் அசைந்ததை அவரும் பார்த்துவிட்டார். அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெண்சிங்கம் புல்லைவிட்டு வெளியே வருவதற்குள் கதவுக்கு வந்துவிட்டார். ஏறி உட்கார நேரம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அவர் இறங்கியதுமே நான் பூட்டும் பொத்தானை அழுத்தியிருந்தேன். கைப்பிடியை இழுத்தார். கண்ணாடியில் அறைந்தார். "மச்சான், தொறங்க" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. துப்ப மறந்திருந்தார் போலிருக்கிறது. பேசும்போது எல்லாம் கொட்டிக் கண்ணாடி முழுக்க வழிந்தது, தாடி, சட்டை, கை எல்லாம் சிவப்பு. அந்தக் கோலத்தில் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காரப் பார்த்தார்.

அழாதே. உன் அண்ணன் கொலைகாரன் இல்லை, தஸ்லீமா. வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேன்.