எனிட் போட்ட கையெழுத்து

தேநீர் நான் நன்றாகவே போடுவேன். எதிலும் நொட்டை சொல்லும் எனிட் பிரிச்சர்டுகூட அதில் மட்டும் குறை சொன்னதில்லை. அவருக்கு எண்பத்து நாலு வயது, தனிக்கட்டை. செவ்வாய்தோறும் பழரொட்டியோடு அவர் வீட்டுக்குப் போவேன். வேல்ஸின் இந்தச் சின்னத் துறைமுக ஊரில் கட்சிக் கிளையின் பொருளாளர் நான்.

வெளிநாட்டுப் பணம் நம் தேர்தலுக்குள் நுழையக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நன்கொடை தருபவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த விதியைப் பற்றி வகுப்பெடுத்ததே நான்தான், ஐயா. எங்கள் துறைமுகத்தின் மேல் கண் வைத்திருந்த வெளிநாட்டு முதலாளியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எனிட்டின் பெயர் அறுபது வருடமாக இருந்தது.

முதலாளியின் பணம் எனிட்டின் வங்கிக் கணக்குக்கு வரும். இறந்துபோன அவர் தங்கையின் சொத்தில் கிடைத்த பங்கு என்று ஒரு காகிதமும் தயார் செய்து வைத்திருந்தேன். அடுத்த செவ்வாய் அது எனிட்டின் காசோலையாகக் கட்சிக்குப் போய்விடும்.

"இத்தன சைபரா? ஏண்டா ஆல்வின், நான் அவ்ளோ பெரிய பணக்காரியா?"

"கட்சிக்கே நீங்கதான் தூண், ஆன்ட்டி. இங்க ஒரு கையெழுத்து."

"அப்போ தூணுக்கு இன்னொரு துண்டு ரொட்டி வெட்டு. கஞ்சத்தனம் பண்ணாம வெட்டு."

இருவரும் சிரிப்போம். எனக்கு அவரை நிஜமாகவே பிடிக்கும்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நகராட்சி செலவில் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார். நான் அங்கே இருந்தபோது விசாரிக்க வந்த அதிகாரி அவருடைய வங்கிக் கணக்கைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு பணத்த வாரிக் குடுத்துட்டு இப்ப உதவி கேட்டா எப்படிம்மா? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார்.

எனிட் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"என் பணம், என் கட்சி. நானாத்தான் குடுத்தேன்."

நான் தேநீர் ஊற்றினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நகராட்சி உதவி பெறுவதற்காக வேண்டுமென்றே சொத்தைக் கரைத்தவர் என்று எழுதி, உதவியை மறுத்துவிட்டார்கள். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது சமையலறைத் தரையில் கிடந்தார். விழுந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். உயிர் இருந்தது.

"ஆம்புலன்ஸக் கூப்புடுடா," என்றார்.

என் பையில் கடைசிக் காசோலை இருந்தது. அவர் இறந்துவிட்டால் முதலாளியின் மீதிப் பணம் அந்தக் கணக்கிலேயே முடங்கிவிடும். "இதோ ஆன்ட்டி, ஒரே ஒரு கையெழுத்து," என்றேன். அவர் விரல்கள் விறைத்திருந்தன. பேனாவை அவர் கையில் வைத்து, மேலே என் கையை வைத்து நடத்தினேன். மை காயும்வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

வெட்கப்படுகிறேன், ஐயா. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட நேரத்தில் எனிட் உயிரோடுதான் இருந்தார், பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அந்த நன்கொடையில் விதிமீறல் எதுவும் இல்லை.