மூக்குக்கு மட்டும்

யுத்தம் முடிந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. மட்டக்களப்பில் கிளினிக் முடிந்து திரும்பிய ஒரு புருசனும் பெண்சாதியும், மண்டூருக்கு வாவியைக் கடக்கும் படகில் எனக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"உங்களுக்கு நித்திரையில மூச்சு நிண்டு போகுதாம். மாஸ்க்கால காத்து அடிக்கிற மிஷின் இல்லாமப் படுக்கப்படாதெண்டு டொக்டர் சொல்லிற்றார்," என்றாள் அவள்.

"வாங்குவம். ஆனா வாயையும் மூக்கையும் சேத்து மூடுற மாஸ்க் வேணாம்."

"நீங்க வாயைத் திறந்துதானே படுக்கிற. உங்களுக்கு அதுதான் சரியாம்."

"போட்டுப் பாத்தன். உன்ட கை மாதிரி இரிக்கு."

"என்ட கையா?"

"சண்டை நேரம், பங்கர் குழிக்குள்ள. ஆமி றோட்டால போக்குள்ள என்ட குறட்டை கேக்கப்படாதெண்டு பொத்திப் பிடிச்சாய்."

"பிள்ளைகள் பக்கத்தில கிடந்ததுகள். வேற என்ன செய்யிற?"

"பிழையெண்டு சொல்லல்ல."



"மூச்சு முட்டினா நித்திரையிலயெண்டாலும் என்ட கையைத் தட்டி விட்டிருக்கலாம்," என்றாள்.

"உனக்குத் தெரியாதா? நீ பொத்தினதில இருந்து நான் முழிச்சுத்தான் கிடந்தன். உன்ட கண்ணைப் பாத்துக்கொண்டு."

படகு கரையைத் தட்டியது. எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். அவள் அசையவில்லை.

"சரிவராட்டியும் பரவாயில்ல. மூக்குக்கு மட்டும் போடுறதையே வாங்குவம்," என்றாள்.