கூரைக்குக் கீழே ஒரு பெண்

"கூரைக்குக் கீழை ஒரு பொம்பிளை. அதுதானே இந்த எழுத்து?"

லா சப்பல் மெத்ரோ ரயில் மேடையில் இரண்டு சகோதரிகள் எனக்குப் பக்கத்தில் நின்றார்கள். அக்காவின் கையில் ஒரு சாவிக்கொத்து. அதில் தொங்கிய தகட்டில் 安 என்று பொறித்திருந்தது.

சீன மொழி படிக்கும் தங்கை சொன்னாள்: "ஓம் அக்கா. ஆனால் அர்த்தம் அமைதி. வீட்டிலை பெண் இருந்தால் அமைதியாம்."

"எந்த வீட்டிலை? என்ரை மனுசனுக்கு இதை ஆர் குடுத்தது?"

"வேலை செய்யிறது சீனச் சாப்பாட்டுக்கடையிலைதானே. முதலாளி குடுத்திருப்பார்."

"வேறை அர்த்தம் இல்லையோ?"

தங்கை சற்றுத் தயங்கினாள். "பழைய நூலுகளிலை 'எங்கே?' எண்டு கேக்கிறதுக்கும் இதே எழுத்தைத்தான் எழுதியிருக்கினம்."

அக்கா உடனே தொலைபேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள்.

"எங்கை நிக்கிறியள்? வேலையிலையோ? நல்லதாப் போச்சு. நான் உங்கடை கடை வாசலிலைதான் நிக்கிறன். ஒருக்கா வெளியிலை வாங்கோ."

தங்கை திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். மறுமுனையில் கணவன் சொன்னதை அக்கா கேட்டாள்.

"ஓ," என்றாள் அக்கா மெதுவாக, "இப்பதான் கடையிலையிருந்து வெளிக்கிட்டனீங்களோ?"